ஒழுக்கும் முறையும்: ரேமண்ட் வில்லியம்சின் ஒரு வாரத் தொலைக்காட்சியும் பேராக் தோட்டத் தமிழரும்

முன்னுரை

1973ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் தொடங்கி 9ஆம் நாள் வரையிலான ஒரு வாரத்தில் தொலைக்காட்சியில் எவ்வகை நிகழ்ச்சிகள் எத்தனை மணி நேரம் இடம்பெற்றன என்பதை ஆங்கில இலக்கியத் திறனாய்வாளர் ரேமண்ட் வில்லியம்ஸ் (1921-1988) கணக்கிட்டார். பி.பி.சி.யின் இரண்டு அலைவரிசைகள், வணிகத் தொலைக்காட்சியைச் சார்ந்த ஆங்லியா ஆகிய பிரித்தானிய அலைவரிசைகள் மூன்றும், சான் பிரான்சிஸ்கோ நகரின் இரண்டு அமெரிக்க அலைவரிசைகளும் அக்கணக்கில் அடங்கின. செய்தி, கல்வி, கலை, நாடகம், திரைப்படம், விளையாட்டு, சமயம், விளம்பரம் எனப் பகுத்து அவர் அமைத்த அட்டவணைகள் 1974இல் வெளிவந்த 'தொலைக்காட்சி: தொழில்நுட்பமும் பண்பாட்டு வடிவமும்' என்னும் நூலில் இடம்பெற்றன. தொலைக்காட்சியை இலக்கியத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொண்ட முன்னோடி நூல்களுள் அது ஒன்றாகும்.

அந்நூல் உலகுக்கு அளித்த கலைச்சொல் 'ஒழுக்கு' என்பதாகும். நீரொழுக்கு என்பதிற்போல, இடையறாது தொடர்ந்து செல்லும் ஓட்டத்தையே அச்சொல்லால் இங்குக் குறிக்கின்றோம். தொலைக்காட்சியின் அடிப்படை அலகு தனித்தனி நிகழ்ச்சியன்று. ஒன்றன்பின் ஒன்றாகத் திட்டமிட்டுத் தொடுக்கப்படும் ஒழுக்கே என்பது வில்லியம்சின் கருத்து. இக்கருத்து எல்லா நாட்டுப் பார்வையாளர்க்கும் பொருந்தும் பொதுவிதியாகப் பல்கலைக்கழகங்களில் இன்றும் கற்பிக்கப்படுகின்றது. பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரின் 1970களின் தொலைக்காட்சி அனுபவத்தோடு அதனை ஒப்புநோக்குமிடத்து, வில்லியம்சின் ஆய்வுமுறை நமக்குப் பெரிதும் பயன்படுவது என்பதும், அவர்தம் கருத்தாக்கம் நம்மைக் காணத் தவறுவது என்பதும் புலனாகின்றன. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாரம் என்னும் பனுவல்

வில்லியம்ஸ் ஒரு நாளையோ ஒரு மாதத்தையோ எடுத்துக்கொள்ளாது ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டது தற்செயலன்று. அவர் கணக்கிட்ட வாரம் சனிக்கிழமையில் தொடங்கி வெள்ளிக்கிழமையில் முடிகின்றது. பிரித்தானியாவில் நிகழ்ச்சி நிரல் இதழ்களின் வாரமும் அதுவேயாகும். பி.பி.சி.யின் நிரலை 'ரேடியோ டைம்ஸ்' இதழும், வணிகத் தொலைக்காட்சியின் நிரலை 'டிவி டைம்ஸ்' இதழும் தனித்தனியே வெளியிட்டு வந்தன. 1991 வரை ஒன்றன் நிரலை மற்றொன்று முழுமையாக வெளியிட இயலாதிருந்தது. ஆகவே, 'பிரித்தானியத் தொலைக்காட்சியின் ஒரு வாரம்' என்னும் முழுமை எந்த ஒரு பார்வையாளர் கையிலும் இயல்பாகத் தவழ்ந்ததன்று. இரண்டு இதழ்களை அருகருகே வைத்துப் பார்த்தே அதனை உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. வாரம் என்பது கிடைக்கும் பொருளன்று, திறனாய்வாளன் தொகுக்கும் பனுவல் என்பதை இது காட்டுகின்றது.

இத்தொகுப்பு முறையின் சிறப்பு யாதெனில், அது தனி நிகழ்ச்சியின் புகழிலிருந்து திறனாய்வை விடுவிக்கின்றது. ஒரு நாடகம் சிறந்ததா என்னும் வினாவிற்கு மாறாக, நாடகத்திற்கு வாரத்தில் எவ்வளவு இடம், எந்தப் பொழுது, எதற்கு அடுத்து என்னும் வினாக்களை அது எழுப்புகின்றது. மக்கள் தம் முன்னோர் ஆண்டு முழுவதும் கண்டிராத அளவு நாடகத்தை இன்று ஒரு வாரத்தில் காண்கின்றனர் என்பது வில்லியம்ஸ் வலியுறுத்திய செய்திகளுள் ஒன்று. 1968 முதல் 1972 வரை 'தி லிஸ்னர்' இதழில் தொலைக்காட்சி விமரிசனம் எழுதி வந்தவர் அவர். தனி நிகழ்ச்சி விமரிசனத்தின் போதாமையை உணர்ந்தே வாரக் கணக்கிற்கு வந்தார் எனக் கருதுவதற்கு இடமுண்டு.

ஒழுக்குக் கருத்தின் காலச்சூழல்

ஒழுக்கு என்னும் எண்ணம் அமெரிக்காவில் மயாமி நகரின் ஓர் இரவில் தமக்குத் தோன்றியதாக வில்லியம்ஸ் எழுதுகின்றார். அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வந்த களைப்போடு திரைப்படம் ஒன்றைத் தொலைக்காட்சியில் கண்டபோது, விளம்பரங்களும் பின்வரும் படங்களுக்கான முன்னோட்டங்களும் அதனோடு கலந்து ஒரே ஓட்டமாகத் தோன்றின என்பது அவர் கூற்று. பின்னர் அவ்வெண்ணத்தைப் பிரித்தானிய அலைவரிசைகளுக்கும் பொருத்தினார்.

பிரித்தானியாவில் அவ்வெண்ணம் பொருந்திய காலம் எத்தகையது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. அந்நாட்டில் ஒளிபரப்பு நேரத்தை அரசு நெடுங்காலம் வரையறை செய்து வந்தது. அக்கட்டுப்பாடு 1972 ஜனவரியில் நீக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் வணிகத் தொலைக்காட்சியின் பகல்நேர ஒளிபரப்பு விரிவடைந்தது. 1973 மார்ச்சில் வில்லியம்ஸ் தம் வாரத்தை அளந்தார். அவ்வாண்டு இறுதியில் எண்ணெய் நெருக்கடியும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் போராட்டமும் ஒருங்கே வந்தன. மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு 1973 டிசம்பர் 17 முதல் தொலைக்காட்சி இரவு 10.30 மணியளவில் நிறுத்தப்பட வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. 1974 பிப்ரவரியில் பொதுத்தேர்தல் அறிவிக்கப்பட்ட பின்னரே அவ்வாணை விலக்கப்பட்டது.

ஆகவே, வில்லியம்ஸ் அளந்த வாரம், நேரக் கட்டுப்பாடு நீங்கியதற்கும் மின்கட்டுப்பாடு வந்ததற்கும் இடைப்பட்ட இரண்டாண்டுக்கும் குறைவான காலப்பகுதியில் அமைந்த ஒன்றாகும். அணைக்கப்படாத தொலைக்காட்சி என்பது அந்நாட்டிலேயே அன்று புதியதொரு நிலை, உறுதியற்ற நிலையுங்கூட. ஒழுக்கிற்கு முன்நிபந்தனையாக நிற்பது மின்சாரம். அது தடையின்றிக் கிடைக்கும் என்னும் எடுகோளின் மேல் அக்கருத்தாக்கம் எழுப்பப்பட்டிருக்கின்றது. பிரித்தானியர்க்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் மட்டும் நேர்ந்த இடையீடு, பேராக் தோட்டங்களில் அன்றாட வாழ்வாக இருந்தது.

தோட்டத்தில் முறை

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28இல் கோலாலம்பூரில் தொடக்கம் கண்டது. 1969இல் வானொலியும் தொலைக்காட்சியும் அங்காசாபுரியில் ஒரே துறையாக இணைக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே இரண்டாம் அலைவரிசையும் தொடங்கப்பட்டது. வண்ண ஒளிபரப்பு 1978இல் வந்தது. 1984இல் டிவி3 தொடங்கும் வரை ஒளிபரப்பு முழுவதும் அரசின் கையிலேயே இருந்தது. 1970இல் ருக்குன் நெகாரா அறிவிக்கப்பட்டதும், 1971இல் தேசியப் பண்பாட்டுக் கொள்கைக்கான மாநாடு நடைபெற்றதும் இக்காலத்துத் தொலைக்காட்சியின் போக்கைப் புரிந்துகொள்ளத் துணைசெய்யும் நிகழ்ச்சிகளாகும். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பணியாற்றிப் பின்னர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய எழுத்தாளர் ரெ.கார்த்திகேசு (1940-2016), மலேசியத் தொலைக்காட்சியைத் தேசக் கட்டுமானத்தின் கருவி என்னும் நோக்கில் 1980களில் ஆங்கிலத்தில் ஆராய்ந்து எழுதியுள்ளார். தமிழ்ப் படைப்பாளர் ஒருவரே இத்துறையின் முன்னோடி ஆய்வாளராகவும் திகழ்ந்தது நமக்குப் பெருமையளிப்பதாகும்.

வில்லியம்ஸ் தம் அலைவரிசைகளைப் பொதுச்சேவை வகை, வணிக வகை என இரண்டாகப் பிரித்தார். மலேசிய வானொலி தொலைக்காட்சித் துறை இவ்விரண்டினுள் எதனுள்ளும் அடங்குவதன்று. அது அரசுத் துறை, மக்களிடம் உரிமக் கட்டணமும் பெற்றது, விளம்பரமும் ஒளிபரப்பியது. அதனினும் முதன்மையான வேறுபாடு மொழியாகும். மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளுக்கும் அங்கு இடம் அளிக்கப்பட்டது. செய்தி நான்கு மொழிகளிலும் வாசிக்கப்பட்டது. தமிழுக்குச் செய்தி, திரைப்படம், நாடகம், கலை நிகழ்ச்சி என வரையறுத்த பொழுதுகள் ஒதுக்கப்பட்டன. வில்லியம்சின் அட்டவணையில் நிகழ்ச்சி வகைக்கு நிரல் உண்டு. மொழிக்கு நிரல் இல்லை. ஒரே மொழி பேசும் பார்வையாளரை அவர் எடுத்துக்கொண்டமையால் அதற்குத் தேவை எழவில்லை. நம் வாரத்தைத் தொகுக்க முனைவோர் முதலில் வரைய வேண்டிய கோடு அதுவேயாகும்.

இனி, இவ்வாரம் சென்றடைந்த இடத்தை நோக்குவோம். ஈப்போ நகரின் மேற்கே நிற்கும் கிளேடாங் மலையின் ஒளிபரப்புக் கோபுரம் கிந்தாப் பள்ளத்தாக்கெங்கும் தெரியக்கூடியது. சுங்கை சிப்புட், குவாலா கங்சார், தாப்பா, பீடோர், சிலிம் ரிவர், 1982 வரை தெலுக் ஆன்சன் எனப்பட்ட தெலுக் இந்தான் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து இரப்பர்த் தோட்டங்கள் பரந்திருந்தன. பல தோட்டங்களில் மின்சாரம் என்பது தோட்ட நிருவாகத்தின் மின்னாக்கி மாலையில் இயங்கும் சில மணி நேரமேயாகும். மின்னாக்கி நின்றதும் லயங்கள் இருளில் மூழ்கும். கார் மின்கலத்தைக் கொண்டு இயக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் பெட்டிகளும் உண்டு; மின்கலம் தீர்ந்தால் மின்னேற்றப் பட்டணத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டிய பால்மரத் தொழிலாளி நெடுநேரம் கண்விழித்திருக்கவும் இயலாது. ஆக, நிகழ்ச்சி நிரலின் நேரம், மின்னாக்கியின் நேரம், தொழிலின் நேரம் என்னும் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தும் சிறு இடைவெளியில்தான் தோட்டத் தமிழரின் தொலைக்காட்சி அமைந்தது.

இதனை ஒழுக்கு என்பது பொருந்தாது. ஆற்றில் நீர் நிறைந்து செல்லும்போது ஒழுக்கு எனலாம். நீர் குறைந்த காலத்தில் கடைமடை உழவர்க்கு நாளும் நாழிகையும் வகுத்து மடை திறந்துவிடுவதை உழவர் 'முறை' என்பர். இன்னாருக்கு இந்நாளில் முறை. அதனைத் தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். சிறுபான்மை மொழியினர்க்கு ஒரு நாட்டின் பொதுத் தொலைக்காட்சி கிடைக்கும் வடிவம் இதுவேயாகும். பிறமொழி நிகழ்ச்சிகளின் இடையே தமக்குரிய பொழுது வருமளவும் காத்திருப்பதும், அது முடிந்ததும் அடுத்த முறையை எண்ணிக் கலைவதும் அவ்வனுபவத்தின் இயல்புகளாகும். எனவே, ஒழுக்கு என்னும் கருத்தாக்கத்திற்கு இணையாக முறை என்னும் கருத்தாக்கத்தை இக்கட்டுரை முன்வைக்கின்றது.

முறை என்னும் அமைப்பு தோட்டத் தமிழர்க்குப் புதியதன்று. ஆண்டுக்கொருமுறை மாரியம்மன் கோயில் திருவிழாவில் கூத்தும் நாடகமும் கண்டவர்கள் அவர்கள். 1946இல் அமைக்கப்பட்ட மலாயா திரைப்படப் பிரிவின் படங்களைத் தாங்கி வந்த தகவல் இலாகாவின் நடமாடும் வண்டிக்காகத் திடலில் பாய் விரித்துக் காத்திருந்தவர்களும் அவர்களே. தொலைக்காட்சி அம்முறையின் இடைவெளியை ஆண்டிலிருந்து வாரத்திற்குக் குறைத்தது. அதனை அழித்து ஒழுக்காக மாற்றிவிடவில்லை.

நிலமும் பொழுதும்

வில்லியம்சின் நூலில் புகழ்பெற்ற இரண்டாவது கருத்து 'நடமாடும் தனிமனை வாழ்வு' என்று தமிழில் கூறத்தக்கதாகும். தொழிற்சமுதாயத்தில் மக்கள் பிறந்த ஊரைவிட்டு இடம்பெயர்கின்றனர். அதே வேளையில் தத்தம் வீட்டுக்குள் ஒடுங்குகின்றனர். இவ்விரு போக்கிற்கும் ஏற்ற கருவியாக வானொலியும் தொலைக்காட்சியும் அமைந்தன என்பது அக்கருத்து. பிரித்தானியப் புறநகர் வாழ்க்கைக்கு இது பொருந்தக்கூடும்.

தோட்டத்தில் நிலை இதற்கு நேர்மாறாக இருந்தது. லயத்து வீடு தனிமனையன்று. ஒரே கூரையின்கீழ்ப் பல குடும்பங்கள் ஒரு சுவரைப் பங்கிட்டுக்கொண்ட வீடு. தொலைக்காட்சிப் பெட்டி எல்லா வீட்டிலும் இல்லை. பெட்டி உள்ள வீட்டின் கூடத்திலும், திண்ணையிலும், சன்னலுக்கு வெளியிலும் அண்டை வீட்டார் கூடிப் பார்ப்பது வழக்கம். யார் வீட்டுக்கு யார் செல்லலாம், யார் நாற்காலியில் அமர்வார், யார் தரையில் அமர்வார் என்பவற்றில் உறவுமுறையும், சாதியும், கிராணிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான படிநிலையும் கலந்திருந்தன. அக்கூட்டத்தைப் பொதுமையின் பொற்காலம் எனப் போற்றுவது வரலாற்றுக்குப் புறம்பானதாகும். எனினும், அது வில்லியம்ஸ் கண்ட தனிமனைப் பார்வையன்று என்பது தெளிவு.

தொல்காப்பியர் முதற்பொருளை நிலம், பொழுது என இரண்டாக வகுப்பார். இவ்வகைப்பாட்டைத் துணைகொண்டு நோக்கின், வில்லியம்சின் வார அட்டவணை பொழுதை நுட்பமாக அளக்கின்றது என்றும், நிலத்தை அளக்கவில்லை என்றும் கூறலாம். அவர் எடுத்துக்கொண்ட ஐந்து அலைவரிசைகளுக்கும் பெயர்கள் உண்டு. ஆயின், பார்ப்போர் அமர்ந்திருந்த இடம் அட்டவணையில் இல்லை. நிலமின்றிப் பொழுது மட்டும் முதற்பொருளாகாது. தமிழ்த் திறனாய்வு மரபு ஊடக ஆய்வுக்கு வழங்கக்கூடிய திருத்தம் இதுவாகும். மேலும், முல்லையின் உரிப்பொருளாகச் சொல்லப்படும் இருத்தல், குறித்த பொழுதின் வரவை நம்பி ஆற்றியிருத்தலைக் குறிப்பது. முறைக்குக் காத்திருக்கும் பார்வையாளரின் மனநிலையை விளக்குதற்கு ஒழுக்கினும் இருத்தல் பொருத்தமான சொல் எனலாம்.

பிரித்தானிய வாரத்தில் தமிழர்

பேராக் தோட்டங்களுள் பலவற்றின் உரிமை அக்காலத்தில் இலண்டன் நிறுவனங்களிடம் இருந்தது. அவற்றுள் பெரியதொன்றான கத்திரி நிறுவனத்தின் பங்குகளை மலேசியத் தேசிய முதலீட்டு நிறுவனம் இலண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலைப் பொழுதில் வாங்கியது 1981 செப்டம்பரில்தான். ஆதலின், பிரித்தானியத் தொலைக்காட்சியின் வாரத்தில் தோட்டத் தமிழர்க்கு இருந்த இடம் யாது என வினவுவது பொருத்தமற்றதாகாது.

தெற்காசியக் குடியேறிகளுக்கென பி.பி.சி. 1965இலேயே தனி நிகழ்ச்சி தொடங்கியது. 1968 முதல் 'நயீ சிந்தகி நயா ஜீவன்' என்னும் வாராந்தர நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. அதன் மொழி இந்துஸ்தானி. தெற்காசியர் என்றாலே இந்தி, உருது அறிந்தோர் என்னும் கருத்து அதில் உறைந்திருந்தது. அதே நிறுவனம் 1941 முதல் தன் உலக வானொலியில் தமிழில் ஒலிபரப்பி வந்தது. தமிழோசை என அறியப்பட்ட அவ்வானொலி 2017 வரை நீடித்தது. பிரித்தானியா தமிழைப் புறத்தார்க்குக் குரலாக அனுப்பியது. தன் வீட்டுத் திரையின் வாரத்தில் அதற்கு முறை வகுக்கவில்லை.

தோட்டத் தமிழர் அத்திரையில் தோன்றிய ஓர் இடம் உண்டு. வில்லியம்ஸ் வாரத்தை அளந்த அதே 1973ஆம் ஆண்டில், கிரனாடா நிறுவனத்தின் 'வேர்ல்ட் இன் ஆக்‌ஷன்' தொடரில், ஒரு கோப்பைத் தேநீரின் விலை என்னும் பொருளுடைய தலைப்பில் ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பாயிற்று. பிரித்தானிய நிறுவனங்களுக்கு உரிமையான இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் வாழ்ந்த இழிநிலையை அது காட்டியது. அத்தொழிலாளருள் பெரும்பாலோர் தமிழர் என்பது கூறாமலே விளங்கும். வில்லியம்சின் பகுப்பில் இது பொதுச்செய்தி என்னும் நிரலில் ஒரு சிறு கூறாக அடங்கும். கணக்கு அதன் நேரத்தைச் சொல்லும். அந்நேரத்தில் யார் பேசினார், யார் பேசப்பட்டார் என்பதைச் சொல்லாது. தமிழர் அங்குக் காட்சிப்பொருளாயினர், பார்வையாளராகக் கருதப்பட்டாரல்லர். பேராக்கில் முறைக்குக் காத்திருந்த தொழிலாளி, எவ்வளவு குறுகியதாயினும், தன்னைப் பார்வையாளனாக ஏற்றுக்கொண்ட ஒரு பொழுதைப் பெற்றிருந்தான். இவ்வேறுபாடு சிறிதன்று.

மொழி வகுப்பறையும் நகையும்

பிரித்தானிய வாரத்தின் ஒரு பகுதி மலேசியத் திரைக்கும் வந்தது. யுனெஸ்கோ 1974இல் வெளியிட்ட நோர்டென்ஸ்ட்ரெங், வாரிஸ் ஆகியோரின் ஆய்வு, தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அமெரிக்கா, பிரித்தானியா முதலிய சில நாடுகளிலிருந்து பிறநாடுகளுக்கு ஒருவழிப் பாதையாகச் செல்வதைப் புள்ளிவிவரங்களோடு காட்டியது. வில்லியம்சின் நூலும் இவ்வறிக்கையும் ஒரே ஆண்டில் வெளிவந்தவை. முன்னது ஒரு மாலைக்குள் நிகழும் ஒழுக்கைக் கண்டது. பின்னது நாடுகளுக்கிடையிலான ஒழுக்கைக் கண்டது. முறைக்குக் காத்திருந்த தமிழ்ப் பார்வையாளர்முன் வந்து விழுந்தது இப்பின்னைய ஒழுக்காகும்.

எடுத்துக்காட்டாக, 'மைண்ட் யுவர் லேங்குவேஜ்' என்னும் நகைச்சுவைத் தொடரைக் கொள்ளலாம். வின்ஸ் பவல் எழுதிய இத்தொடர் 1977 டிசம்பர் முதல் 1979 வரை இலண்டன் வார இறுதித் தொலைக்காட்சியில் 29 பகுதிகளாக ஒளிபரப்பாகிப் பின்னர் மலேசியா உள்ளிட்ட பல நாடுகளிலும் விரும்பிப் பார்க்கப்பட்டது. இந்தியாவில் 1993இல் 'சபான் சம்பால் கே' என இந்தியில் மறுவடிவம் பெற்றது. இலண்டன் மாலைப் பள்ளி ஒன்றில் பல நாட்டவர் ஆங்கிலம் கற்பதே கதைக்களம். சீக்கியர், பாகிஸ்தானியர், சீனர், சப்பானியர், இத்தாலியர் என ஒவ்வொருவரும் தத்தம் இனத்தின் அச்சுவார்ப்பாகவே படைக்கப்பட்டிருந்தனர். சீக்கியராக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். ஒரு தெற்காசிய முகம் எந்தத் தெற்காசியருக்கும் பதிலாக நிற்கலாம் என்னும் பிரித்தானியத் திரையின் எண்ணத்திற்கு அது சான்றாகும். இத்தொடரை நிறுத்திய நிறுவனப் பொறுப்பாளர் மைக்கேல் கிரேட், இன அச்சுவார்ப்பையே காரணமாகக் குறிப்பிட்டார்.

தமிழாசிரியர்கள் இத்தொடரைச் சிறப்பாகக் கருதுதல் வேண்டும். ஏனெனில், இதன் நகை முழுவதும் மொழி கற்போரின் பிழையிலிருந்தே பிறக்கின்றது. தொல்காப்பியர் நகைக்குரிய நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கைக் கூறுவார். இத்தொடர் பேதைமையைக் காட்டுவதுபோல் தோன்றினும் எள்ளலிலேயே நிலைகொள்கின்றது. பிழை செய்பவர் அடுத்த வாரமும் அதே பிழையைச் செய்தல் வேண்டும். அவர் கற்றுக்கொண்டுவிட்டால் தொடர் முடிந்துவிடும். கற்றல் நிகழாத வகுப்பறை என்பதே அதன் அமைப்பாகும்.

இத்தகைய ஆங்கில நிகழ்ச்சிகள் மலாய் எழுத்துரையோடு மலேசியத் திரையில் வந்தன. ஆங்கில ஒலிப்பிழையை மையமாகக் கொண்ட நகையை வேற்றுமொழி எழுத்துரை முழுமையாகத் தாங்காது. தமிழ்ப்பள்ளியில் கற்று, மலாயை நாட்டின் மொழியாகவும் ஆங்கிலத்தைத் துரையின் மொழியாகவும் அறிந்திருந்த ஒரு பார்வையாளருக்கு இத்தொடர் இரட்டை நிலையைத் தருகின்றது. ஆங்கிலேயர் இருக்கையில் அமர்ந்து அவர் சிரிக்கலாம். அதே வேளையில் சிரிப்புக்கு இலக்காகும் மாணவர் வரிசையிலும் அவருக்கு ஓர் இருக்கை உண்டு. ஒழுக்கை மட்டும் நோக்கும் ஆய்வு இவ்விரட்டை நிலையைக் காணாது. தமிழ் நிகழ்ச்சியின் முறை குறுகியிருந்த வாரத்தில் இத்தொடர் வந்தது என்பதை உடன்வைத்து நோக்கும்போதே அச்சிரிப்பின் விலை புலப்படும்.

முறையிலிருந்து ஒழுக்கிற்கு

தோட்டங்கள் துண்டாடப்பட்டமையாலும், செம்பனைக்கு மாறியமையாலும், வீட்டுமனைகளாக விற்கப்பட்டமையாலும் பேராக் தோட்டத் தமிழர் புந்தோங் முதலிய ஈப்போப் பகுதிகளுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தனர். துண்டாடலை எதிர்கொள்ள, சுங்கை சிப்புட்டைச் சார்ந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியது வரலாறு. இப்பெயர்ச்சிக்குப் பின், 1996இல் ஒளிபரப்பைத் தொடங்கிய அஸ்ட்ரோ துணைக்கோள் தொலைக்காட்சியின் வானவில் அலைவரிசை வாயிலாகத் தமிழர் முதன்முதலாகத் தம் மொழியில் ஒழுக்கைப் பெற்றனர். வில்லியம்சின் கருத்தாக்கம் அப்போதுதான் நமக்கும் பொருந்தத் தொடங்கியது எனலாம். அவருடைய வாரத்திற்கும் நம்முடைய ஒழுக்கிற்கும் இடையே இருபதாண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு.

இம்மாற்றத்தை வளர்ச்சி என்று மட்டும் கொள்வது போதாது. முறை குடிமக்களுக்கு நாடு வகுத்தது. குறைவானது, அரசின் மேற்பார்வைக்கு உட்பட்டது. ஆயினும், நாட்டின் பொது வாரத்திற்குள் அமைந்தது. தமிழ்ச் செய்தி ஒளிபரப்பாகும்போது மலாய்க்காரரும் சீனரும் அதனைக் கடந்தே தத்தம் நிகழ்ச்சிக்குச் செல்ல வேண்டியிருந்தது, தமிழரும் அவ்வாறே. கட்டணம் செலுத்திப் பெறும் ஒழுக்கோ வாடிக்கையாளருக்குரியது. அதில் தமிழ் நிறைந்திருக்கின்றது. எனினும், அத்தமிழைப் பிறர் காணும் வாய்ப்பு குறைந்துவிட்டது. தமிழில் முறை என்னும் சொல் வரிசையை மட்டுமன்றி நீதியையும் குறிக்கும். முறை செய்தல் என்பது அரசர்க்குரிய கடமையாக நம் இலக்கியங்களில் பேசப்படுகின்றது. தொலைக்காட்சியில் தமிழுக்கு முறை வேண்டும் என்பது பொழுதுபோக்குக் கோரிக்கையன்று. நாட்டின் பொதுப்பொழுதில் பங்கு வேண்டும் என்பதாகும்.

முடிவுரை

வில்லியம்சின் நூலிலிருந்து நாம் கொள்ளத்தக்கது வாரத்தைத் தொகுக்கும் முறையியல். தள்ளத்தக்கது ஒழுக்கு எல்லார்க்கும் உரியது என்னும் எடுகோள். இவ்விரண்டையும் ஒருசேரக் கொண்டமையால், சிறுபான்மைப் பார்வையாளரைக் குறைந்த அளவு பார்த்தவர் என்று மட்டுமே ஊடக ஆய்வுகள் காண்கின்றன. அவர்கள் வேறு வகையில் பார்த்தவர்கள் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

இதனை மெய்ப்பிக்கச் செய்ய வேண்டிய பணி பெரிது. பிரித்தானியாவில் 'ரேடியோ டைம்ஸ்' இதழின் 1923 முதலான நிரல்களை பி.பி.சி. மின்னுருவாக்கி 2014இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. பழைய ஒளிநாடாக்கள் பலவற்றை 1970களில் அழித்துவிட்ட நிறுவனம் அது. நிகழ்ச்சி மறைந்தாலும் நிரல் எஞ்சியிருக்கின்றது. 1973 மார்ச்சு 3ஆம் நாள் மாலை பி.பி.சி. ஒளிபரப்பியதை இன்று எந்த மாணவரும் சில நிமிடங்களில் அறியலாம். மலேசியத் தமிழ் ஒளிபரப்பின் வாரங்களுக்கு அத்தகைய வசதி அமையவில்லை. 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் உள்ளிட்ட நாளிதழ்களின் பழைய படிகளைக் கொண்டு, 1970களின் ஒரு வாரத்தையேனும் மொழிவாரியாக மீட்டெடுப்பது பல்கலைக்கழக மாணவர்க்கு ஏற்ற ஆய்வுப்பொருளாகும்.

நிரல் பாதிப் பனுவலே. மறுபாதி, தோட்டங்களில் வாழ்ந்து இன்று முதுமையடைந்தோரின் நினைவில் உள்ளது. அவர்களிடம் என்ன படம் பார்த்தீர்கள் என்று கேட்பதோடு நில்லாமல், யார் வீட்டில் பார்த்தீர்கள், எங்கே அமர்ந்தீர்கள், விளக்கு எத்தனை மணிக்கு அணைந்தது, படம் முடியுமுன் அணைந்தால் மிச்சக் கதையை யார் சொன்னார்கள் என்றும் கேட்டல் வேண்டும். பேராக்கிலுள்ள தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் தம் மாணவரின் தாத்தா பாட்டியரிடம் இவ்வினாக்களைக் கேட்டுப் பதிவு செய்யத் தொடங்கின், வில்லியம்ஸ் அளக்காத நிலம் நமக்குக் கிட்டும். அத்தலைமுறை மறையுமுன் இது செய்யப்பட வேண்டும்.